விலக்கும் விலகலும்: ‘கடசிராத்தம்’ திரைப்படமும் மொழிபெயர்ப்பாளரும்

1. முன்னுரை

தமிழில் ‘விலகு’, ‘விலக்கு’ என்னும் இரு வினைகளுக்கும் வடிவில் உள்ள வேறுபாடு ஒரு வல்லெழுத்து இரட்டிப்பதே. பொருளில் உள்ள வேறுபாடோ பெரிது. முன்னதில் எழுவாய் தானே இயங்குகிறது. பின்னதில் பிறிதொன்றை இயக்குகிறது. நீங்கு - நீக்கு, வெளியேறு - வெளியேற்று முதலியனவும் இவ்வகையினவே. கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பகுத்துக் காட்டியது மொழியியலார் அறிந்தது. கட்டுப்பாடு மிக்க ஒரு சமயச் சமூகத்தை விட்டு ஒருவர் வெளியே வருவதைச் சொல்லும் படைப்பு எதுவாயினும் இவ்விரு வினைகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பதே அங்கு எழும் முதல் வினா.

கிரீஷ் காசரவள்ளி 1977இல் இயக்கிய ‘கடசிராத்தம்’ என்னும் கன்னடத் திரைப்படம் இவ்விரு வினைகளையும் அருகருகே வைக்கிறது. ஒரு பெண் விலக்கப்படுகிறாள். அதனைக் கண்ட ஒரு சிறுவனின் மனம் விலகத் தொடங்குகிறது. முன்னது ஊரறிய நிகழும் சடங்கு. பின்னது யாரும் அறியாமல் நிகழ்வது. இப்படத்தில் விலக்குதல், விலகுதல் ஆகிய இரண்டும் மொழிவழியாகவே நிகழ்கின்றன என்பதையும், அதனால் இதனைத் தமிழுக்குக் கொணர்வோர் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல்கள் எவை என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படத்தின் பின்னணி

கன்னடத்தில் பெருவணிகப் படநிறுவனங்களைச் சாராத புதிய திரைப்பட இயக்கம் 1970இல் வெளிவந்த ‘சம்ஸ்காரா’வுடன் தொடங்கியது என்பர். பெங்களூரில் வாழ்ந்த பட்டாபிராம ரெட்டி அதனை இயக்கினார். கிரீஷ் கர்னாடும் சிநேகலதா ரெட்டியும் நடித்தனர். தணிக்கைக் குழு முதலில் தடை செய்த அப்படம், தடை நீங்கிய பின் சிறந்த இந்தியத் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. 1971இல் பெங்களூரில் சுசித்ரா திரைப்படச் சங்கம் தோன்றியது. இத்தகைய படங்களைக் கூடிப் பார்க்கவும் அவை பற்றி உரையாடவும் ஒரு பார்வையாளர் கூட்டம் அந்நகரில் உருவாயிற்று. பூனாத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற காசரவள்ளி தம் முதல் முழுநீளப் படத்தை அளித்தது இச்சூழலில்தான்.

‘சம்ஸ்காரா’, ‘கடசிராத்தம்’ ஆகிய இரண்டிற்கும் மூலம் யு. ஆர். அனந்தமூர்த்தியின் எழுத்தே. தீர்த்தஹள்ளி வட்டத்தில் 1932இல் பிறந்த அவர் முதலில் கற்றது தூர்வாசபுரத்தின் மரபுவழிச் சமஸ்கிருதப் பள்ளியில். காசரவள்ளியும் அதே வட்டத்தைச் சேர்ந்தவர். ஆகவே இப்படம் காட்டும் அக்ரஹாரம் வெளியார் எட்டிப் பார்த்த உலகம் அன்று. அங்குப் பிறந்தவர்கள் திரும்பிப் பார்த்த உலகமாகும். சதானந்த சுவர்ணா தயாரித்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்திற்கு எஸ். ராமச்சந்திரா ஒளிப்பதிவு செய்தார். சிறந்த திரைப்படம், சிறந்த இசை (பி. வி. காரந்த்), சிறந்த குழந்தை நடிகர் (அஜித் குமார்) ஆகிய தேசிய விருதுகள் இதற்குக் கிடைத்தன. சீர்செய்யப்பட்ட இதன் புதிய படி 2024இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

அதே 1977ஆம் ஆண்டுக்குரிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்பது இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்ப்படம் அக்ரஹாரத்தை எள்ளி நகையாடியது. கன்னடப் படமோ எள்ளலை அறவே தவிர்த்து, ஒரு சிறுவனின் கண்ணுயரத்தில் நின்று அதனைப் பார்த்தது.

3. கதைப்போக்கு

சேஷகிரி உடுபர் நடத்தும் வேத பாடசாலைக்கு நாணி என்னும் சிறுவன் கொண்டுவந்து சேர்க்கப்படுகிறான். வீட்டு நினைவால் வாடும் அவனை மூத்த மாணவர்கள் துன்புறுத்துகின்றனர். உடுபரின் மகளும் கைம்பெண்ணுமான யமுனா (மீனா குட்டப்பா) அவனுக்கு ஆதரவாகிறாள். அவன் அவளை ‘யமுனக்க’ என்றழைக்கிறான். ஊர்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரால் அவள் கருவுற்றிருக்கிறாள். தந்தை ஊரில் இல்லாத நாள்களில் செய்தி கசிகிறது. பாம்புப் புற்றில் கைவிட்டு உயிர்விட முயலும் அவளருகே அச்சிறுவன் இருக்கிறான். கரு கலைக்கப்படுகிறது, ஆசிரியர் அவளைக் கைவிடுகிறார். திரும்பிவந்த தந்தை, உயிரோடிருக்கும் மகளுக்குச் சாவுச்சடங்கு செய்து அவளைச் சாதியினின்று நீக்குகிறார். பாடசாலை கலைகிறது. தந்தையோடு ஊர் திரும்பும் நாணி, தலை மழிக்கப்பட்டுத் தனித்து அமர்ந்திருக்கும் யமுனாவை வழியில் காண்கிறான்.

மேலை இலக்கியத் திறனாய்வில் இளையோர் உலகறிந்து முதிரும் கதைகளைத் தனி வகையாகக் கொள்வர். ஜெர்மானிய மரபில் அதற்குப் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்று பெயர். இவ்வகைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவது எளிதன்று. ‘பருவமடைதல்’, ‘வயதுக்கு வருதல்’ என்பன பெண்ணின் பூப்பையே குறிக்கும். ‘ஆளாதல்’ என்னும் சொல் பெண்ணுக்காயின் பூப்பு. ஆணுக்காயின் தன்காலில் நிற்றல். ஒரே சொல் பெண்ணிடத்தில் உடலையும் ஆணிடத்தில் தகுதியையும் சுட்டுகிறது. இப்பகுப்பே படத்தின் அமைப்பாகவும் இருப்பது வியப்பளிக்கிறது. யமுனாவின் கதை அவள் உடலில் நிகழ்கிறது. நாணியின் கதை அவன் அறிவில் நிகழ்கிறது. அவளுடைய உடல் தண்டிக்கப்படுவதைக் கண்டே அவன் ‘ஆளாகிறான்’. மேலைநாட்டு முதிர்வுக் கதைகளில் நாயகன் தானே முடிவெடுத்து வீட்டைத் துறப்பதைப் பலகாலும் காண்கிறோம். நாணி எதனையும் துறப்பதில்லை. அவனைக் கொண்டுவந்து விட்டவரும் தந்தை. அழைத்துச் செல்பவரும் தந்தை. வினை முழுவதும் பிறருடையது. பார்வை ஒன்றே அவனுடையது.

4. பொருளறியா ஒலியும் பொருளறிந்த சொல்லும்

பாடசாலையில் நாணி கற்பது ஒலி. குரு ஒருமுறை சொல்ல, மாணவர் அதனைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனத்திலிருத்தும் இம்முறையைத் தமிழ்நாட்டு வேத பாடசாலைகளில் ‘சந்தை’ என்பர். ஒலிப்பிழை நேரக் கூடாது என்பதே அதில் தலையாய விதி. பொருள் பின்னரே, அல்லது பொருளே இல்லை. மந்திரங்களுக்குப் பொருள் இல்லை என்னும் கௌத்சரின் கொள்கையை யாஸ்கர் தம் நிருக்தத்தில் எடுத்துக்காட்டி மறுக்கிறார். பொருளறியாது வேதம் கற்றவன் சுமைதாங்கும் கம்பத்திற்கு ஒப்பானவன் என்னும் கருத்தும் அங்கு உண்டு. அண்மைக்காலத்தில் பிரிட்ஸ் ஸ்டால் 1989இல் வெளியிட்ட நூலில் சடங்கும் மந்திரமும் பொருளற்ற விதித்தொகுதிகளே என வாதிட்டார். மொழியியல் நோக்கில் இவ்வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

இப்படம் அவ்வழக்கில் ஒரு குழந்தையின் சாட்சியை முன்வைக்கிறது எனலாம். பல மாதங்கள் ஒலியை மட்டும் கற்ற நாணி முழுப்பொருளோடு கற்றுக்கொள்ளும் சொல் ஒன்றே ஒன்றுதான், அது ‘கடசிராத்தம்’. அதனை அவனுக்கு எந்த ஆசிரியரும் விளக்கவில்லை. தந்தை மகளுக்கு அதனைச் செய்யக் கண்டு அவன் அறிகிறான். சொல்லின் பொருள் அதன் பயன்பாடே என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

சில சொற்கள் நிகழ்ச்சியை விவரிப்பதில்லை. சொல்லப்படுவதாலேயே அதனை நிகழ்த்துகின்றன என்னும் ஜே. எல். ஆஸ்டினின் கொள்கை 1962இல் நூலாக வந்தது. தொல்காப்பியச் செய்யுளியலோ மந்திரத்தை ஆணையோடு சேர்த்தே வரையறுத்துள்ளது. சொல்வோனின் தகுதியும் அவன் ஆணையும் இருந்தால்தான் அச்சொல் செயலாகும். கடசிராத்தம் இத்தகைய செயற்சொல். அது யமுனா இறந்தாள் என அறிவிக்கவில்லை, அவளை இறந்தவளாக்குகிறது. அதனைச் சொல்லும் தகுதியுடையவர் தந்தை ஒருவரே என்பதில் அதன் கொடுமை அடங்கியுள்ளது.

5. குடமும் அதன் பெயரும்

கடம் என்பது குடம். மனு நூலின் 11ஆம் அத்தியாயம் இச்சடங்கின் பழைய வடிவத்தைத் தருகிறது. சாதி வீழ்ந்தவர் எனக் கருதப்பட்டவர்க்கு உறவினர் ஊர்ப்புறத்தே மாலை வேளையில் இறந்தவர்க்குப்போல் நீர்க்கடன் செய்வர். பணிப்பெண் ஒருத்தி நீர் நிறைந்த குடத்தைக் காலால் கவிழ்ப்பாள். அதன்பின் அவரோடு பேசுதலும் உடன் அமர்தலும் சொத்தில் பங்கு தருதலும் இல்லை. விலக்கப்பட்டவை எவை என்ற அப்பட்டியலில் பேச்சும் இடம்பெறுவது மொழியியலார் கருதத்தக்கது. ஒருவரைச் சமூகத்திலிருந்து நீக்குவதென்பது அவரை உரையாடலிலிருந்து நீக்குவதே. அவர் இனி முன்னிலை ஆகார், படர்க்கையாகவே நிற்பார்.

அதே அத்தியாயம் கழுவாய் செய்தவரைப் புதுக்குடத்தோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் வழி சொல்கிறது. விலக்கப்பட்ட பெண்ணுக்கு உணவும் உடையும் கொடுத்து வீட்டருகே வாழவிட வேண்டும் என்றும் சொல்கிறது. படத்தின் ஊர் இவ்விரு விதிகளையும் மறந்து, தண்டனை விதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. நூலினும் கடுமையானது வழக்கு.

அண்டை நாட்டுச் செய்தியொன்று இங்கு ஒப்பிடத்தக்கது. 1905இல் கொச்சி அரசில் தாத்ரி என்னும் நம்பூதிரிப் பெண் மீது நடந்த ‘ஸ்மார்த்தவிசார’த்தின் முடிவில் அவளோடு அறுபதுக்கு மேற்பட்ட ஆண்களும் விலக்கப்பட்டனர். அவ்விசாரணை மரபில் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணைப் பெயரால் குறிக்கமாட்டார்கள். ‘சாதனம்’, அதாவது பொருள் என்றே குறிப்பர். தீர்ப்புக்கு முன்னரே உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு ஒரு பெண் மாற்றப்படுகிறாள். சமூகம் விலக்கும்போது இலக்கணமும் துணைநிற்கிறது.

6. தலைப்பின் மூன்று பெயர்ப்புகள்

இப்படம் வெளிநாடுகளில் ‘தி ரிச்சுவல்’, அதாவது ‘சடங்கு’ என்னும் ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. பெயர் தவறன்று, ஆனால் வெறுமையானது. குடமும் இல்லை, சாவும் இல்லை. எச்சடங்கும் ஆகலாம். இதே கதையை 1991இல் அருண் கௌல் இந்தியில் படமாக்கியபோது ‘தீக்ஷா’ எனப் பெயரிட்டார். முன்னது ஒருத்தியை வெளியே தள்ளும் சடங்கு. பின்னது ஒருவனை உள்ளே ஏற்கும் சடங்கு. தலைப்பு மாறியதும் கதையின் நடுப்புள்ளி யமுனாவிடமிருந்து கல்வி நாடுவோரிடம் நகர்ந்துவிடுகிறது. தலைப்பு என்பது படைப்புக்கு எழுதப்படும் முதல் உரை என்பதற்கு இது சான்று.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது ஏ. கே. இராமானுஜன் 1976இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘சம்ஸ்காரா’ நாவலின் மொழிபெயர்ப்பு. அவர் வடசொல்லை அப்படியே வைத்து, ‘இறந்தவன் ஒருவனுக்கான சடங்கு’ என்னும் பொருள்பட ஒரு துணைத்தலைப்பைச் சேர்த்தார். நூலின் முகப்பில் கிட்டெல் கன்னட அகராதி அச்சொல்லுக்குத் தரும் பல பொருள்களையும் வரிசைப்படுத்தினார். ‘சம்ஸ்காரா’வில் இறந்தவனுக்குச் சடங்கு மறுக்கப்படுகிறது. ‘கடசிராத்த’த்தில் இருப்பவளுக்குச் சடங்கு செய்யப்படுகிறது. ஓர் ஆசிரியரின் இவ்விரு கதைகளும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். ஆயினும் இராமானுஜனின் உத்தி இரண்டாவதற்குப் பொருந்தாது. ‘சம்ஸ்காரா’வில் பிணம் முதலிலேயே கிடக்கிறது, துணைத்தலைப்பு எதனையும் முன்கூட்டிச் சொல்லிவிடவில்லை. ‘கடசிராத்த’த்திலோ தலைப்பை விளக்கிவிட்டால், சிறுவன் இறுதியில் அறிவதைப் பார்வையாளர் தொடக்கத்திலேயே அறிந்துவிடுவர். அவனோடு சேர்ந்து அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமற்போகும்.

7. தமிழ்ப் பெயர்ப்பிற்குச் சில கருத்துகள்

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லாத ஒரு வளம் உண்டு. தமிழர் அன்றாடம் வழங்கும் ‘தலைமுழுகிவிட்டேன்’ என்னும் தொடர், இறப்புக்குப்பின் நீராடி உறவை முடிக்கும் வழக்கத்திலிருந்து பிறந்தது. ‘தண்ணீர் தெளித்து விட்டாயிற்று’ என்பதும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கன்னடத்தில் ‘எள்ளுநீர் விடுதல்’ என்னும் தொடர் ஒன்றை முற்றாகக் கைவிடுவதைக் குறிக்கிறது. மலையாளத்தில் ‘படியடைத்துப் பிண்டம் வைத்தல்’ என்பர். மூன்று மொழிகளும் உறவு முறிவைச் சாவுச்சடங்கின் சொல்லாலேயே சொல்கின்றன. கொள்ளிக்குடம் உடைப்பதைக் கண்டறியாத தமிழரும் இலர். எனவே கடசிராத்தம் தமிழர்க்கு அயலான கருத்தன்று, மரத்துப்போன கருத்து.

இதிலிருந்து ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது. தலைப்பை விளக்கமின்றிக் ‘கடசிராத்தம்’ என்றே விடலாம். படத்தின் முற்பகுதியில் ஊரார் பேச்சில் யாரையேனும் கைவிடுவது பற்றிய குறிப்பு வரும் இடங்களில் சப்டைட்டில் வரி ‘தலைமுழுகு’ என்னும் தொடரை இயல்பாக ஆளலாம். பார்வையாளர் அதனைத் தேய்ந்த வழக்காகவே படித்துக் கடப்பர். பின்னர்ச் சடங்கு கண்முன் நிகழும்போது அத்தேய்ந்த தொடர் தன் முழுப்பொருளோடு திரும்பிவரும். சில வினாடிகளே நிற்கும் ஒரு வரியில் அடிக்குறிப்பு எழுத இயலாது. ஆனால் முன்வரியை பின்வரிக்கு அடிக்குறிப்பாக்க இயலும்.

அடுத்தது உறவுச்சொல். கன்னட ‘அக்க’வும் தமிழ் ‘அக்கா’வும் ஒரே சொல்லே. ஆங்கிலத்தில் அது பெயரின் ஒட்டாகக் கரைந்துவிடும். தமிழில் அது முழு உயிரோடு நிற்கும். அவ்விளி வரும் இடத்திலெல்லாம் தமிழிலும் அது வர வேண்டும். இடச்சுருக்கம் கருதி விடக்கூடாது. மகள் என்னும் உறவைச் சடங்கு அறுத்துவிடுகிறது. குருதியுறவால் வராத ‘அக்கா’ என்னும் உறவை அறுக்கச் சாத்திரத்தில் சடங்கே இல்லை. ஊரின் செயற்சொல்லுக்கு எதிராகப் படம் நிறுத்துவது இவ்விளி ஒன்றைத்தான்.

மூன்றாவது, சாதிக் கிளைமொழி. 1960களில் வில்லியம் பிரைட்டும் இராமானுஜனும் தென்னிந்தியச் சாதிக் கிளைமொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மலைநாட்டு அந்தணரின் கன்னடத்திற்கு ஈடாகத் தமிழகத்து அந்தணர் வழக்கை ஆளலாம் எனத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவ்வாறு செய்தால் தீர்த்தஹள்ளி தஞ்சாவூராகிவிடும். மேலும், மேடையிலும் திரையிலும் அவ்வழக்கு நெடுங்காலம் நகைச்சுவைக்குப் பயன்பட்டுவந்ததால் தமிழ்ப் பார்வையாளர் சிரிக்கவேண்டாத இடத்தில் சிரிக்க நேரும். மடி, தீட்டு, ஆசாரம் முதலிய சடங்குச் சொற்களைக் காத்து, தொடரமைப்பைப் பொதுப் பேச்சுத்தமிழில் அமைப்பதே ஏற்றது. ‘பஹிஷ்கார’ என்பதற்கு நாளிதழ்த் தமிழில் வழங்கும் ‘புறக்கணிப்பு’ பொருந்தாது. அச்சொல் இன்று தேர்தலுக்கும் கூட்டத்திற்கும் உரியதாகிவிட்டது. ‘சாதிவிலக்கு’ என்பதே பொருந்தும்.

8. மதிப்பீடு

இப்படத்தின் வலிமை அதன் பார்வைக்கோணம். அதன் குறையும் அங்கேயே உள்ளது. யமுனாவைச் சிறுவனின் கண்வழியே காண்பதால் அவள் துயரம் தெரிகிறது, விருப்பம் தெரிவதில்லை. அவள் அந்த ஆசிரியரை ஏன் நாடினாள், அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பன படத்திற்கு வெளியே நிற்கின்றன. ஊர் அவளை உரையாடலிலிருந்து நீக்கியது. படமும் அவளுக்குத் தன்மை இடத்தைத் தரவில்லை. முதிய உடுபர் இளம்பெண் ஒருத்தியை மணக்கும் பேச்சு இறுதியில் வருவதும் முரணைக் கோடிட்டுக் காட்டுவதாக அமைந்துவிடுகிறது. அதுவரை படம் காத்த அடக்கம் அவ்விடத்தில் சற்றே தளர்கிறது.

எனினும் இறுதிக்காட்சி இக்குறைகளைக் கடந்து நிற்கிறது. அங்கு நாணி தன் சமூகத்தைத் துறந்ததாக எவ்வறிவிப்பும் இல்லை. அவன் மீண்டும் வேறொரு பாடசாலைக்கு அனுப்பப்படலாம். தந்தையைப்போலவே வாழவும் கூடும். ஆயினும் விலக்கு என்பது இன்னதென அவன் கண்டுவிட்டான். அக்காட்சியின்பின் அவன் ஓதும் எதுவும் வெறும் ஒலியாக இராது.

9. முடிவுரை

சாதிவிலக்கு பழங்கதை அன்று. அதனைத் தடைசெய்த 1949ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம், தாவூதி போஹ்ரா சமயத்தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யும் வினா 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. சமூக விலக்கத்திற்கு எதிராக 2016இல் மகாராட்டிரம் தனிச்சட்டம் இயற்றியது. விலக்கும் உரிமை சமயத்தின் உரிமையா, விலக்கப்படாதிருத்தல் மனிதரின் உரிமையா என்பதைச் சட்டமே இன்னும் முற்றாக முடிவு செய்யவில்லை.

ஆனால் நீதிமன்றம் எட்டாத இடத்திலும் இச்சடங்கு நிகழ்கிறது. தம் விருப்பப்படி மணந்த மகளைப் பற்றித் ‘தலைமுழுகிவிட்டோம்’ என்று ஒரு தந்தை கூறும்போது குடமும் எள்ளும் இன்றியே அது நிறைவேறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இப்படத்தைத் தமிழுக்குக் கொணர்வதன் பயன், கன்னட நாட்டு அக்ரஹாரத்தைத் தமிழர்க்குக் காட்டுவது மட்டுமன்று. தமிழர் நாள்தோறும் சொல்லும் ஒரு தொடரின் பொருளைத் தமிழர்க்கே விளக்குவதுமாகும்.